அளவெடுத்து வெட்டிய வயர், அளவில்தான் தவறியது

பந்தயத்தின் மூன்றாவது சுற்றில், ஒரு மேட்டைத் தாண்டி இறங்கிய என்னுடைய ரேடியோ கட்டுப்பாட்டுப் பக்கி (மேடுபள்ளத்தில் ஓடும் சிறு பந்தயக் கார்), திக்கித் திக்கி நாலடி ஓடிவிட்டு நின்றுபோனது. மேலுறையைக் கழற்றிப் பார்த்தபோது, மோட்டாரின் சுழல் நிலையைத் தெரிவிக்கும் சென்சார் வயரின் ஆறு கம்பிகளில் இரண்டை, ஸ்பர் கியர் எனப்படும் பெரிய பற்சக்கரம் மென்று துப்பியிருந்தது. தவறு முழுக்க என்னுடையது. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கண்ட்ரோலருடன் வந்த வயர்களை வந்த நீளத்திலேயே விட்டு, மிஞ்சியதைச் சுருட்டி, கிடைத்த இடத்தில் திணித்து, மேலே ஒரு பிளாஸ்டிக் டையைப் போட்டு இறுக்கியிருந்தேன். அந்த டை நழுவினால் சுருள் எந்தப் பக்கம் சரியும் என்று ஒருமுறைகூட யோசித்துப் பார்க்கவில்லை. (பக்கி என்று உரக்கச் சொன்னாலே வீட்டில் யாரையோ திட்டுகிறேன் என்று திரும்பிப் பார்க்கிறார்கள், அன்று அந்தப் பட்டம் வண்டியை விட எனக்கே பொருந்தியது.)

அதன் பிறகுதான், உண்மைக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவிலான பந்தயப் பக்கிகளுக்கென்றே அளவெடுத்து வெட்டியது என்ற விளம்பரத்துடன் விற்கப்படும் ஒரு வயரிங் தொகுப்பை வாங்கினேன். ஏறக்குறைய இதே உள்ளடக்கத்துடன் வெவ்வேறு பெயர்களில் தொகுப்புகள் கிடைக்கின்றன என்பதாலும், நான் சொல்லப்போகும் குறைகள் ஒரே ஒரு பெட்டியில் கண்டவை என்பதாலும், தயாரிப்பாளரின் பெயரை இங்கே தவிர்த்துவிடுகிறேன். பின்பக்கச் சக்கரங்கள் மட்டும் இயங்கும் ஒரு வண்டியையும், நான்கு சக்கரங்களும் இயங்கும் இன்னொரு வண்டியையும் இந்தத் தொகுப்பைக் கொண்டே முழுக்கப் பிரித்து மீண்டும் வயரிங் செய்து, போதுமான அளவு புழுதியிலும் மோதலிலும் ஓட்டிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

பெட்டிக்குள் இருப்பவை இவை: மோட்டாருக்கென மூன்று துண்டுகளும் பேட்டரிக்கென சிவப்பு, கறுப்பு இரண்டு துண்டுகளும் கொண்ட 13 கேஜ் (கேஜ் என்பது வயரின் தடிமன் அளவு) சிலிக்கோன் வயர், இரண்டாகப் பிரிந்த பேட்டரிக்கான ஓர் இணைப்புத் துண்டு, 4 மற்றும் 5 மில்லிமீட்டர் புல்லட் கனெக்டர்கள் (பேட்டரியில் செருகும் உருளை முனைகள்), மூன்று அளவுகளில் சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய், தட்டையான சென்சார் வயர் ஒன்று, ஸ்டீயரிங்கைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோவின் பிளக்கைப் புதிதாகப் போட்டுக்கொள்வதற்கான பின்களும் பிளாஸ்டிக் கூடுகளும், பின்னல் உறை, ஒட்டும் கிளிப்புகள், இருபக்க டேப், சிறு சுருளாக ஈயம் கலக்காத சால்டர். பார்த்தவுடன் வேறெதுவும் தேவைப்படாது என்று தோன்றும். சால்டரிங் அயர்னும் பொறுமையும் மட்டும் நம்முடையவை.

முதலில் பாராட்ட வேண்டியது வயரைத்தான். விரலில் சுற்றினால் நூல்போலச் சுற்றிக்கொள்கிறது. விட்டவுடன் எகிறித் திரும்பாமல் வளைத்த இடத்திலேயே ஏறக்குறைய நிற்கிறது. நேர்த்தியான வயரிங்குக்கு இந்தக் குணம்தான் அடிப்படை. ஏனெனில் விறைப்பான வயரை எவ்வளவு அழகாக வளைத்து ஒட்டினாலும், முதல் மோதலிலேயே அது தன் பழைய வடிவத்தைத் தேடிப் போய்விடும். இவ்வகை வயர்களில் மயிரிழை போன்ற செம்பு இழைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். 12 கேஜ் வயரில் 0.08 மில்லிமீட்டர் தடிமனுள்ள 680 இழைகள் இருப்பது வழக்கம். உறையைச் சீவி இழைகளை விரித்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே சீரான தடிமனில், தகரப் பூச்சு பளபளக்க, ஒடியாமல் இருந்தன. சிலிக்கோன் உறை ஏறத்தாழ 200 டிகிரி வெப்பத்தைத் தாங்கும் என்பதால், சால்டரிங் செய்யும்போது அயர்ன் தவறிப் பட்டாலும் சாதாரண பி.வி.சி. உறையைப்போல உருகிச் சுருங்கிப் பின்வாங்குவதில்லை. இந்த உறைக்கு ஒரேயொரு பலவீனம் உண்டு. வெப்பத்துக்கு அஞ்சாத அது, கூரான விளிம்பைக் கண்டால் உடனே கிழிந்துவிடும். கார்பன் தகட்டின் வெட்டு விளிம்பில் வயர் உரசும்படி விட்டால் சில நாட்களிலேயே செம்பு தெரியும். அத்தகைய விளிம்புகளை முதலில் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிவிடுவது நல்லது.

வயரைக் குட்டையாக்கினால் வண்டியின் வேகம் கூடும் என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 13 கேஜ் செம்பு வயரின் மின்தடை ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 6.6 மில்லிஓம். பேட்டரி வயர்கள் இரண்டிலும் தலா 6 சென்டிமீட்டர் குறைத்தால், மொத்தம் 12 சென்டிமீட்டருக்கு 0.8 மில்லிஓம் மிச்சமாகும். 40 ஆம்பியர் ஓடும்போது அது 0.03 வோல்ட்டுக்குச் சற்று மேல், 7.4 வோல்ட் பேட்டரியில் அரை சதவீதம்கூட இல்லை. எடையில் மிச்சமாவதோ நான்கு கிராம் அளவுதான். என்னைப்போன்ற ஓட்டுநர் ஒரு வளைவைச் சற்று அகலமாக எடுத்தால் இழக்கும் நேரத்துக்கு முன்னால் இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. வயரைக் குட்டையாக்குவதற்கு உண்மையான காரணங்கள் வேறு: கியருக்கும் பட்டைக்கும் இரையாக வயர் எதுவும் தொங்காது, மேலுறை அழுத்தாது, ஸ்டீயரிங் தண்டில் சிக்காது, பழுது வந்தால் எது எங்கே போகிறது என்று ஒரே பார்வையில் தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாதது. ஸ்பீடு கண்ட்ரோலர் மின்னோட்டத்தை ஒரு நொடிக்குப் பல ஆயிரம் முறை திறந்து மூடுகிறது. பேட்டரியிலிருந்து வரும் வயர் நீண்டால் அதன் தூண்டல் தன்மை கூடி, ஒவ்வொரு முறையும் மின்னழுத்தம் எகிறித் தாழும். அந்த அதிர்வை விழுங்குவதற்காகத்தான் கண்ட்ரோலரின் வாயிலிலேயே கெப்பாசிட்டர்களை வைக்கிறார்கள். ஆகவே நீளத்தை எங்கேயாவது விட்டுக்கொடுக்க வேண்டிய கட்டாயம் வந்தால், பேட்டரிப் பக்கத்தில் கொடுக்காமல் மோட்டார் பக்கத்தில் கொடுப்பதே பாதுகாப்பு. இந்தத் தொகுப்பை வடிவமைத்தவர்கள் நேர்மாறாகச் செய்திருக்கிறார்கள். பேட்டரித் துண்டுகள் தாராளமாக 14 சென்டிமீட்டர். மோட்டார் துண்டுகளோ 9 சென்டிமீட்டர். என் முக்கியமான மனக்குறை இங்கேதான் தொடங்குகிறது.

பந்தயப் பக்கியில் மோட்டார் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் பொருள் அன்று. பினியனை, அதாவது மோட்டார் தண்டிலுள்ள சிறு பற்சக்கரத்தை, மாற்றும்போதெல்லாம் கியர்களின் பல் பொருத்தத்துக்காக மோட்டாரை முன்னும் பின்னும் நகர்த்துகிறோம். சிறிய பினியனிலிருந்து பெரியதற்குப் போனால் மோட்டார் சில மில்லிமீட்டர் விலகி நிற்கும். பேட்டரியும் அப்படியே. மோட்டார் நடுவில் அமைந்த பல பக்கிகளில், பின் சக்கரங்களுக்குப் பிடிமானம் போதவில்லை என்றால் நுரைக்கட்டையை எடுத்து மாற்றிவைத்து பேட்டரியைப் பின்னால் தள்ளுவோம், முன்பக்கம் கனம் வேண்டுமென்றால் முன்னால் நகர்த்துவோம். அளவெடுத்து வெட்டியதாகச் சொல்லப்படும் துண்டுகள் யாருடைய வண்டிக்கு, எந்தப் பினியனுக்கு, பேட்டரியின் எந்த இருப்புக்கு அளவெடுக்கப்பட்டன என்பதை அந்தத் தயாரிப்பாளரே அறிவார். பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் என்னுடைய வண்டியில் நடு முனைக்கான வயர் மிகச் சரியாகப் பொருந்தியது. ஒரு முனைக்கு ஒரு சென்டிமீட்டர் மிஞ்சியது. மூன்றாவது முனைக்கு எட்டியது, ஆனால் வீணைத் தந்திபோல விறைத்து நின்றது. அப்படி விறைத்து நிற்கும் வயர், மோட்டார் அதிரும் ஒவ்வொரு முறையும் சால்டரைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டியிலோ, கண்ட்ரோலர் எதிர்ப்பக்கத்தில் அமர்ந்திருந்ததால், மூன்றில் ஒரு துண்டுகூட எட்டவில்லை.

முடிவில் நான் செய்தது, பெட்டியில் வந்த பேட்டரித் துண்டுகளை வெட்டி மோட்டாருக்குப் பயன்படுத்தியதும், அதே வயரை மீட்டர் கணக்கில் தனியே வாங்கியதும்தான். வெட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்தேன். அதை யாருக்கும் சிபாரிசு செய்வேன். ஏறக்குறைய அதே தடிமனுள்ள பருத்திக் கயிற்றை எடுத்து, கண்ட்ரோலரின் முனையிலிருந்து மோட்டாரின் முனை வரை வயர் போக வேண்டிய பாதையிலேயே வைத்து, வளைவுகளில் இயல்பாக விட்டு, மோட்டாரை அதன் மிகத் தொலைவான நிலைக்குத் தள்ளிவைத்துக் குறித்துக்கொண்டேன். அந்த அளவுடன் 5 மில்லிமீட்டர் கூட்டி வெட்டினேன். மூன்று வயர்களும் ஒரே திசையில் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக வளைய வேண்டுமென்றால், வெளிவளைவில் செல்லும் வயர் உள்வளைவில் செல்வதை விட நீளமாகத்தான் இருக்கும். மூன்றையும் சம நீளத்தில் வெட்டிக்கொடுப்பது, இந்த வேலையைக் கையால் ஒருமுறையாவது செய்து பார்த்தவரின் யோசனையாகத் தெரியவில்லை.

அடுத்தது சால்டர். ஈயம் கலக்காத சால்டரைச் சுற்றுச்சூழல் கருதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றால் அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அது 217 டிகிரிக்கு மேல்தான் உருகும், அதோடு சுருளின் கம்பி குண்டூசி அளவுக்கு மெல்லியது. 13 கேஜ் வயரின் முனையை நனைக்கவே கை கையாகக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கொண்ட வழக்கமான சால்டர் 183 டிகிரியில் ஒரே வீச்சில் உருகி ஒரே வீச்சில் உறைகிறது. பாதி உறைந்த நிலையில் கை அசைந்து, சரியாகப் பிணையாத டிரை சால்டர் ஆகிவிடும் வாய்ப்பும் குறைவு. நான் இரண்டாவது முனையிலிருந்து அதற்கே மாறிக்கொண்டேன். எதைப் பயன்படுத்தினாலும் ஜன்னலைத் திறந்துவைத்து, வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிட வேண்டும்.

மோட்டார் முனையில் சால்டர் வைப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் தொகுப்புடன் வந்த தாளில் இருக்கும் நான்கு படங்களில் மூன்றாவது தவறான பழக்கத்தைச் சொல்லித்தருகிறது. அதில் ஊசிமுனை அயர்னை முனையின் ஓரத்தில் நெடுநேரம் பிடித்துக்கொண்டிருப்பதாக வரைந்திருக்கிறார்கள். சிறிய முனை வைத்தால் சூடு குறைவாகப் படும், மோட்டாருக்கு நல்லது என்று நினைக்கத் தோன்றும், நடப்பது தலைகீழ். சிறிய முனையிலிருக்கும் வெப்பத்தைத் தடித்த செம்பு உடனே உறிஞ்சிவிடுகிறது, சால்டர் உருகவில்லையே என்று நாம் காத்திருக்கிறோம், அந்த நேரமெல்லாம் வெப்பம் மெல்ல ஊர்ந்து மோட்டாரின் பின்மூடிக்குள் இருக்கும் சென்சார் பலகைக்குப் போகிறது. அகலமான உளிமுனை, 60 வாட் அல்லது அதற்கு மேற்பட்ட அயர்ன், 380 டிகிரிக்குக் குறையாத சூடு, மூன்று நான்கு வினாடி என்பதே சரியான வழி. முதலில் வயரின் முனையில் 4 மில்லிமீட்டர் உறையைச் சீவி, இழைகளை விரலால் முறுக்கி, உருகிய சால்டர் இழைகளுக்குள் ஊறி வெளியே ஒவ்வோர் இழையின் வரியும் லேசாகத் தெரியும் வரை நனைக்க வேண்டும். பிறகு மோட்டார் முனையின் பள்ளத்திலும் மெல்லியதாக ஒரு படலம் வைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்து மேலிருந்து அயர்னை அழுத்தினால், சால்டர் ஒரு கணம் கண்ணாடிபோலப் பளபளத்து இரண்டு பக்கமும் ஓடிப் பிணையும். அந்தக் கணத்தில் அயர்னை எடுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பல் குத்தும் குச்சியால் வயரை அழுத்திப் பிடித்திருக்க வேண்டியதுதான். இடுக்கியால் பிடித்தால் அது வெப்பத்தைத் திருடிக்கொள்ளும். கைக்கு எட்டாத முனையை முதலில் முடித்துவிட்டு வெளியே வர வேண்டும் என்பதை, மூன்றாவது வயரை வைக்கும்போது இரண்டாவதன் உறையைப் பொசுக்கிய பிறகுதான் நான் கற்றுக்கொண்டேன். ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சால்டர் வைப்பதற்கு முன்பே வயரில் கோத்துவிட வேண்டும் என்பதை எல்லோரும் அறிவார்கள், எல்லோரும் மறப்பார்கள்.

சென்சார் உள்ள மோட்டாரில் ஏ, பி, சி என்ற மூன்று முனைகளும் கண்ட்ரோலரின் அதே எழுத்துகளுக்கே போக வேண்டும். சென்சார் இல்லாத மோட்டாரில் இரண்டு வயர்களை இடம் மாற்றினால் சுழற்சித் திசை மாறும், அவ்வளவுதான். சென்சார் உள்ளதில் அப்படிச் செய்தால் சென்சார் சொல்வதும் சுருளுக்குக் கொடுக்கப்படுவதும் முரண்பட்டு, மோட்டார் நடுங்கும், சூடாகும், கண்ட்ரோலர் எரியவும் கூடும். பாதை அழகாக வரவேண்டும் என்பதற்காக வயர்களை மாற்றிச் செருகும் ஆசை எனக்கும் வந்ததுண்டு. மோட்டார் எதிர்த்திசையில் சுழல வேண்டிய வண்டி என்றால், அதைக் கண்ட்ரோலரின் அமைப்பில் மாற்றிக்கொள்ள வேண்டும். தொகுப்பில் மூன்று மோட்டார் துண்டுகளும் கறுப்பு நிறத்திலேயே இருப்பது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுத்து குறிக்க ஒரு சிறு ஒட்டுத்தாளையாவது சேர்த்திருக்கலாம்.

புல்லட் கனெக்டர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இறுக்கமாகச் செல்கின்றன, தங்கப்பூச்சு உரியவில்லை, பலமுறை கழற்றி மாட்டிய பிறகும் தளரவில்லை. ஓட்டி முடித்ததும் தொட்டுப் பார்த்தால் வயரின் சூட்டை விட அதிகச் சூடில்லை. இணைப்பு தளர்ந்திருந்தால் முதலில் அங்கேதான் கை சுடும். சால்டர் வைக்கும்போது அவற்றைப் பேட்டரியில் செருகி வைத்துக்கொண்டு வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு மரத்துண்டில் துளையிட்டு அதில் நிறுத்திக்கொண்டால் போதும். சிவப்பு, கறுப்பு வயர்களின் புல்லட்டுகளைப் பேட்டரியில் மாற்றிச் செருகுவது ஒரே நொடி வேலை. பெரும்பாலான கண்ட்ரோலர்களுக்கு அதைத் தாங்கும் பாதுகாப்பு கிடையாது. இதற்காகவே நான் சிவப்பு வயரைப் பேட்டரியின் நேர்முனைக்கு மட்டும் எட்டும் நீளத்தில் வெட்டிக்கொண்டேன். எதிர்முனைக்கு அது எட்டவே எட்டாது. தொகுப்பின் 14 சென்டிமீட்டர் துண்டுகளை அப்படியே மாட்டியிருந்தால் எந்த வயரும் எந்த முனைக்கும் போயிருக்கும்.

தட்டையான சென்சார் வயர் இந்தத் தொகுப்பின் மிகச் சிறந்த பொருள். வழக்கமான சென்சார் வயரில் ஆறு கம்பிகள் தனித்தனியே உறைக்குள் உருண்டு கிடக்கும். இதில் ரிப்பன்போல ஒட்டித் தட்டையாக இருப்பதால், மோட்டார் வயர்களுக்கு அடியில் சேசிஸோடு (வண்டியின் அடித்தட்டோடு) படிந்து கிடக்கிறது. முனைகளில் பூட்டும் கச்சிதம். என் பழைய வயரை மென்ற ஸ்பர் கியருக்கு இப்போது எட்டும் தூரத்தில் எதுவுமே இல்லை. இதையும் இழுத்துக் கட்டாமல், மோட்டாரின் அருகே ஒரு சிறு அரைவட்டம் விட்டுத்தான் பொருத்த வேண்டும்.

சர்வோ பிளக் விஷயத்தில்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. சர்வோவின் வயரை, ரிமோட்டின் அலையை வாங்கும் ரிசீவர் வரை தேவையான நீளத்துக்குக் குறைத்து, புதிய பின் போட்டு, கூட்டில் செருகுவது நேர்த்தியான வயரிங்கின் பாதி வேலை. ஏனெனில் சுருட்டி வைக்கப்படும் மிச்ச வயரில் பெரும்பகுதி சர்வோவிலிருந்து வருவதுதான். தொகுப்பிலுள்ள பின்களை முறையான கிரிம்ப் கருவியால் அழுத்தினேன்; செம்பைப் பிடிக்கும் இதழ்களும் உறையைப் பிடிக்கும் இதழ்களும் சரியாக மடங்கின. கூட்டில் செருகியபோது, பின் பூட்டிக்கொண்டதற்கு அடையாளமான அந்த மெல்லிய சொடக்கு மட்டும் கேட்கவில்லை. இழுத்துப் பார்த்தேன், நின்றது. போதும் என்று விட்டுவிட்டேன். இரண்டாவது ஓட்டத்தில் ஒரு தாவலுக்குப் பின் ஸ்டீயரிங் செத்துப்போய், வண்டி நேராகப் போய்த் தடுப்புக் குழாயில் மோதி முன் சஸ்பென்ஷன் கை ஒன்றை ஒடித்துக்கொண்டது. பிரித்துப் பார்த்தால், சமிக்ஞை வயரின் பின் கூட்டிலிருந்து ஒரு மில்லிமீட்டர் பின்வாங்கியிருந்தது. மிச்சமிருந்த கூடுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, பின்னைத் தாங்கும் பிளாஸ்டிக் நாக்குகளில் சில, வார்ப்பிலேயே வளைந்து குட்டையாக இருந்தன. பத்தில் மூன்று அப்படி. விற்பனையாளருக்குப் படத்துடன் எழுதினேன். மாற்றுக் கூடுகள் அனுப்பினார்கள், அவற்றில் குறை இல்லை. ஆனாலும் ஸ்டீயரிங் சம்பந்தப்பட்ட பிளக்குக்கு இப்போது நான் பழைய சர்வோவிலிருந்து கழற்றிய கூட்டைத்தான் பயன்படுத்துகிறேன். சொடக்கு கேட்காத பிளக்கை நம்பியது என் பிழை என்பதையும் மறுக்கவில்லை.

பின்னல் உறை வெறும் அலங்காரம். வெட்டிய இடத்தில் பிசிறு பிசிறாகப் பிரிகிறது, புழுதியை வாரி வைத்துக்கொள்கிறது, உள்ளே வயர் நசுங்கியிருந்தாலும் வெளியே தெரிவதில்லை. அதைவிட மோசம், சிலர் ரிசீவர் ஆன்டெனாவையும் இதற்குள் விட்டு மற்ற வயர்களோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். பெட்டியின் மேலுள்ள படத்திலும் அப்படித்தான் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 12.5 சென்டிமீட்டர், பல ரிசீவர்களின் ஆன்டெனாவில் உண்மையில் அலையை வாங்குவது, அதில் கால் பங்கான கடைசி 31 மில்லிமீட்டர் மட்டுமே. அந்தப் பகுதி கார்பன் தகட்டையும் பேட்டரி வயரையும் விட்டு விலகி, குழாய்க்குள் நிமிர்ந்து நிற்க வேண்டும். நீளமாக இருக்கிறதே என்று அதை வெட்டவும் கூடாது. நேர்த்தி என்ற பெயரில் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டும் பழக்கத்தில், இது ஒன்றையாவது விட்டுவைக்க வேண்டும்.

இருபக்க டேப் நன்றாகவே பிடிக்கிறது, ஆனால் சேசிஸை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிட்ட பிறகு மட்டும். முதல் முறை துடைக்காமல் ஒட்டிய ரிசீவர் இரண்டே நாளில் பெயர்ந்து வந்தது. ஒட்டும் கிளிப்புகளில் பாதியைத் தூக்கிப் போட்டேன். மீதியில் இரண்டு, சென்சார் வயரைப் படுக்கவைக்க உதவின.

எல்லாம் முடிந்ததும் மேலுறையை மாட்டிப் பார்க்கும் நேரம். தாழ்ந்த மேலுறைகள் வயரின் மேட்டில் உட்கார்ந்தால், ஓரிரு நாளில் வயரும் கெடும், மேலுறையும் தேயும். வயர்களின் உயர்ந்த இடங்களில் பட்டாணி அளவு விளையாட்டுக் களிமண்ணை வைத்து, மேலுறையை மெதுவாக அழுத்தி எடுத்தேன். மோட்டாருக்கு மேலே வைத்த உருண்டை தோசைபோலத் தட்டையாகிவிட்டது. அங்கே மூன்று வயர்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. அவற்றைப் பிரித்து ஒரே வரிசையில் படுக்கவைத்ததும் இரண்டாவது உருண்டை முழுசாக வந்தது. அதே நிலையில் ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பியும், நான்கு சஸ்பென்ஷனையும் அடிவரை அழுத்தியும், ஏதாவது வயர் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். அசைந்தால் எங்கேயோ உரசுகிறது என்று பொருள்.

இந்தத் தொகுப்பை வாங்கலாமா என்று கேட்டால், முதல்முறை வயரிங் செய்பவரிடம் வேண்டாம் என்றே சொல்வேன். வெட்டிய துண்டுகள் அவருக்கு அளவைத் தீர்மானித்துவிட்ட மாயையைக் கொடுக்கும்; அந்த அளவு அவருடைய வண்டிக்கு ஒத்துவர வாய்ப்பு குறைவு. ஏற்கெனவே ஒன்றிரண்டு வண்டிகளைப் பிரித்துக் கோத்தவர், சென்சார் வயருக்காகவும் புல்லட்டுகளுக்காகவும் வாங்கினால் ஏமாற மாட்டார். இதே தயாரிப்பாளர் சிவப்பிலும் கறுப்பிலும் ஒவ்வொரு மீட்டர் முழு வயர், இரண்டு நீளங்களில் சென்சார் வயர், புல்லட்டுகள், ஹீட் ஷ்ரிங்க் ஆகியவற்றை மட்டும் ஒரு பெட்டியில் போட்டு விற்றால், இன்னொன்றை நானே வாங்குவேன். மிச்சப் பின்னல் உறை சுருளாக மேசை இழுப்பறையில் கிடக்கிறது. வளைந்த நாக்குள்ள அந்த மூன்று கூடுகளையும் அதனுடனேயே போட்டு வைத்திருக்கிறேன், தவறிப்போய் மறுபடி வண்டியில் ஏறிவிடாமல் இருக்கச் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு.